விசா எதுவானாலும் ஆவணம் கேட்கலாம்



2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியை விட்டு நகராமல் நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. நகரத்துக்கு மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு. 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. ஆண்டில் பெரும்பாலான நாள் அங்கே தண்ணீர் நிற்காது. பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வாரம் தண்ணீர் ஏறிக்கொண்டே போய், அரசு வாங்கி வைத்திருந்த நிலத்தின் எல்லையைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்தது. பார்க்கர் பக்கம் மூழ்கிய இடங்களில் ஒன்று சிங்கோ ராஞ்ச். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று இந்தியக் குடும்பங்கள் தேடிப்போய் வீடு வாங்கும் கேட்டி வட்டாரம் அது.

தண்ணீர் வடிந்த பிறகு, ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில் பதிவாகியிருந்த மனைப்பிரிவு வரைபடங்களைச் செய்தியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அளவுகளுக்கும் முத்திரைகளுக்கும் நடுவே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இந்த மனைப்பிரிவு பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, பொறியாளர் படையின் நிர்வாகத்தில் இங்கே நெடுநேரம் நீர் தேக்கப்படலாம் என்று அது சொன்னது. 1990களில் பதிவான வரைபடங்களிலேயே அந்த வாசகம் உண்டு. வீடு வாங்கியவர்களில் பலர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததே இல்லை. தனியார் நிலத்தில் வெள்ளத்தைத் தேக்கியதற்கு அரசே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் நீதிபதி சார்ல்ஸ் லெட்டோ தீர்ப்பளித்தார். அது நியாயமான தீர்ப்பு. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின வாரம் அந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் பல குடும்பங்கள் வெள்ளக் காப்பீடாவது எடுத்திருக்குமே என்ற ஆதங்கம் போகவில்லை. அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் இந்த மடல் அந்த ஆதங்கத்தில் எழுதப்படுவது.

ஊரில் ஒரு கிரவுண்டு மனை வாங்குவதென்றால் நம் குடும்பங்கள் எத்தனை பேரைக் கேட்கும்! மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாயா என்று பெரியப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் வரை விசாரிப்பார்கள். அதே குடும்பத்தின் பிள்ளை டாலஸிலோ சான் ஹோசேயிலோ அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வீட்டை வாங்கும்போது எல்லாவற்றையும் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது. டைட்டில் கம்பெனி பார்ப்பது விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதை. நிலத்தின் மேல் பதிவாகியுள்ள நிபந்தனைகளை அது ‘பி’ அட்டவணை என்ற பகுதியில் வெறும் எண்களாகப் பட்டியலிடும். டைட்டில் கம்பெனி தரும் காப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது என்பதுதான் அந்தப் பட்டியலின் அர்த்தம். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் கவுன்ட்டி அலுவலகத்தில் இருக்கும் ஒரு காகிதம். அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது வாங்குபவரின் வேலை.

கேட்பதில் முதல் தடங்கல், யாரைக் கேட்பது என்பது. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள் இருக்கின்றன. அலுவலகப் பெயர்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீட்டுப் பத்திரம் கலிபோர்னியாவில் ரெக்கார்டரிடம் இருக்கும். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியின் பெரும்பாலான இடங்களிலும் கவுன்ட்டி கிளார்க்கிடம். வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் அலுவலகத்தில். ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம். சிகாகோ அடங்கிய குக் கவுன்ட்டியில் தனியாக இருந்த பத்திரப் பதிவு அலுவலகம் 2020 டிசம்பரில் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தோடு சேர்ந்துவிட்டது. கனெடிகட்டில் கவுன்ட்டி நிர்வாகமே 1960-ல் ஒழிக்கப்பட்டது. அங்கே ஊர் கிளார்க்கைத்தான் பார்க்க வேண்டும். லூயிசியானாவில் கவுன்ட்டிக்குப் பதிலாகப் பாரிஷ்.

கட்டட அனுமதி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வீடு நகர எல்லைக்குள் இருந்தால் அனுமதி ஆவணங்கள் நகராட்சியிடம் இருக்கும். தபால் முகவரியில் ஊர்ப் பெயர் இருந்தும் எந்த நகராட்சியிலும் சேராத இடங்கள் நிறைய உண்டு. அங்கே கவுன்ட்டிதான் எல்லாம். சிங்கோ ராஞ்சின் பெரும்பகுதி அப்படிப்பட்டது. முகவரியைப் பார்த்து முடிவு செய்யாமல், அசெஸ்ஸர் இணையதளத்தில் வீட்டின் மனை எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்த நிர்வாகத்துக்கு வரி போகிறது என்பது தெரிந்துவிடும். அந்த மனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து எந்த ஜன்னலில் போய் நின்றாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது தடங்கல் பயம். எச்-1பி விசாவில் இருப்பவர், பச்சை அட்டைக்குப் பத்து வருஷமாகக் காத்திருப்பவர், அரசாங்கத்திடம் எதையாவது கேட்டால் அது பதிவாகுமோ, நாளைக்குப் பிரச்சினை வருமோ என்று ஒதுங்குகிறார். இந்தியாவில் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்று அதன் 3-வது பிரிவே சொல்கிறது. அதைத் தெரிந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் ‘எந்த நபரும்’ கேட்கலாம் என்று எழுதப்பட்டவை. குடியுரிமையைக் கேட்கும் கட்டமே அங்குள்ள மனுப் படிவங்களில் இருக்காது. டெக்சாஸ் சட்டம், ஆவணத்தை எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி விசாரிப்பதையே தடை செய்கிறது.

சில மாநிலங்கள் விதிவிலக்கு. வர்ஜீனியாவின் ஹென்ரைகோ கவுன்ட்டியிடம் சொத்து மதிப்பீட்டு விவரங்களைக் கேட்ட கலிபோர்னியாக்காரர் ஒருவருக்கு, நீங்கள் எங்கள் மாநிலத்தவர் இல்லை என்று பதில் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மெக்பர்னி வழக்கு என்று பெயர். மாநிலம் அப்படி வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று 2013-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். டென்னசியிலும் இதே போன்ற வரம்பு உண்டு. நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு வர்ஜீனியாவின் ரிச்மண்டில் முதலீட்டுக்கு வீடு பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆனால் இது பொது ஆவணச் சட்டத்தின் கீழ்ப் போடும் மனுவுக்குத்தான் பொருந்தும். பதிவான பத்திரங்களைத் தேடிப் பார்க்க இந்தச் சட்டமே தேவையில்லை. பதிவு அலுவலகம் எல்லோருக்கும் பொதுவானது.

எந்தச் சட்டத்தைச் சுட்டுவது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. 1966 ஜூலை 4 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தகவல் சுதந்திரச் சட்டம் பெயர் பெற்றது. கலிபோர்னியா எம்.பி. ஜான் மாஸ் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி நிறைவேற்றியது. அது கூட்டாட்சி நிர்வாகத் துறைகளை மட்டும் கட்டுப்படுத்தும். கவுன்ட்டிக்கு அதைச் சுட்டி மனு எழுதினால் செல்லாது. கவுன்ட்டி மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. கலிபோர்னியாவில் 1968-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம்: பத்து நாளில் ஆவணம் தரமுடியுமா முடியாதா என்று அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும், சிக்கலான மனுவாக இருந்தால் பதினான்கு நாள் நீட்டிக்கலாம். நியூயார்க்கில் ஐந்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும், நகல் பக்கத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. இல்லினாயில் ஐந்து வேலை நாள், முதல் ஐம்பது கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் இலவசம். ஜார்ஜியாவில் மூன்றே வேலை நாள். டெக்சாஸ் முறை தனி: ஆவணத்தை மறைக்க விரும்பும் கவுன்ட்டி பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கத் தவறினால் அந்த ஆவணம் பொது என்றே கருதப்படும். குடிமக்கள் பக்கம் சாய்ந்த அருமையான விதி இது.

இனி, மனு எழுதும் விதம். சங்கத்து நண்பர்கள் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் கேள்வியாக இருக்கின்றன: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கிடங்கு கட்ட ஏன் அனுமதித்தீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கிளார்க்குக்கு இல்லை. இருக்கும் ஆவணத்தைக் கொடுப்பதுதான் சட்டம் அவர் மேல் சுமத்திய கடமை. அதனால் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பதில் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

யோசித்தால் மனு இப்படி அமையும்: “இன்ன மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின்படி, இன்ன மனை எண் கொண்ட நிலம் தொடர்பாக 2023 ஜனவரி 1 முதல் இன்று வரை உங்கள் திட்டமிடல் துறைக்கு வந்த அனுமதி விண்ணப்பங்கள், அவற்றுடன் இணைத்த போக்குவரத்து ஆய்வு, வடிகால் ஆய்வு, விண்ணப்பதாரருக்கும் துறை ஊழியர்களுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றைக் கேட்கிறேன். மின்னணு வடிவில் இருந்தால் அப்படியே அனுப்பவும். கட்டணம் 25 டாலருக்கு மேல் வருமானால் வேலையைத் தொடங்கும் முன் தெரிவிக்கவும். ஏதேனும் பகுதியை மறைப்பதானால் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிடவும்.” அவ்வளவுதான். வக்கீல் வேண்டாம், நோட்டரி வேண்டாம். தேதி வரம்பும் மனை எண்ணும் இருந்தால் ஊழியர் தேடுவது சுலபம். மின்னஞ்சலைக் கேட்க மறக்கக்கூடாது. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்ற கதை அங்கேதான் கிடைக்கும். அதிகாரிகள் சொந்தக் கைபேசியில் அனுப்பிய செய்திகளும் அலுவல் விஷயமாக இருந்தால் பொது ஆவணமே என்று சான் ஹோசே நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டு வரி பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே நேரடியாகப் பணம் இருக்கிறது. டெக்சாஸில் பதிவான பத்திரத்தை முதன்முதலில் பார்ப்பவர் திகைத்துப்போவார். ஐந்து லட்சம் டாலர் வீட்டின் பத்திரத்தில், 10 டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும் பெற்றுக்கொண்டு விற்கப்பட்டது என்று எழுதியிருக்கும். விற்ற விலையைச் சொல்லும் கட்டாயம் அங்கே இல்லை. அப்படியிருக்க, வரிக்கான மதிப்பை எதை வைத்துப் போடுகிறார்கள்? ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் மதிப்பீட்டு மாவட்டம் என்ற தனி அமைப்பு உண்டு. அது சேகரித்த விற்பனை விவரங்களையும் ஒப்பீட்டு வீடுகளையும் வைத்துக் கணக்கிடுகிறது. ஆட்சேபணை தெரிவிக்கக் கெடு பொதுவாக மே 15. விசாரணையில் மாவட்டம் காட்டப்போகும் தரவுகளைப் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று விசாரணைக்கு 14 நாள் முன்பாவது உரிமையாளருக்கு அது தெரிவித்தாக வேண்டும். ஃபிரிஸ்கோவிலும் கேட்டியிலும் ஆட்சேபணை போடும் நம்மவர்கள் பலர் இந்தக் காகிதத்தைக் கேட்காமலே விசாரணைக்குப் போகிறார்கள். தங்கள் வீட்டோடு ஒப்பிடப்பட்ட வீட்டில் நீச்சல்குளம் இருந்தது, தங்கள் வீட்டுக்குக் கூடுதல் சதுர அடி தவறாக எழுதப்பட்டிருந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

புது வீட்டுக்குக் குடிபோன சில வாரங்களில் அரசு முத்திரை போலவே ஒன்று அச்சடித்த கடிதம் தபாலில் வரும். உங்கள் பத்திரத்தின் சான்றளித்த நகல் பெற நூறு டாலருக்குப் பக்கமாக அனுப்புங்கள் என்று கெடுத் தேதியோடு கேட்கும். அனுப்புவது தனியார் கம்பெனி. அதே நகலுக்கு டெக்சாஸ் கவுன்ட்டி கிளார்க் வாங்குவது பக்கத்துக்கு ஒரு டாலரும் சான்றுக்கு 5 டாலரும். புதிதாக வந்த குடும்பங்கள் இதை அரசு நோட்டீஸ் என்று நம்பிப் பணம் கட்டிவிடுகின்றன. இதைவிடப் பயனுள்ள ஒன்றைப் பல கவுன்ட்டிகள் இலவசமாகவே தருகின்றன: உங்கள் பெயரில் ஏதாவது பத்திரம் பதிவானால் உடனே மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கைச் சேவை. போலிப் பத்திரம் போட்டு வீட்டைக் கைமாற்றும் மோசடி நடக்கும் காலத்தில், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் ஆறு மாதம் தங்குபவர்கள் கண்டிப்பாகப் பதிந்துகொள்ள வேண்டியது இது.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது மனசைப் பிசையும் வரிகளும் எதிர்ப்படும். கலிபோர்னியாவில் 1920களிலும் 30களிலும் எழுதிய பல பத்திரங்களில், இந்த மனையைக் கறுப்பருக்கோ ஆசியருக்கோ விற்கவோ குடிவைக்கவோ கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். 1948-ல் உச்ச நீதிமன்றம், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. 1968-ம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் அத்தகைய பாகுபாட்டைச் சட்டவிரோதம் ஆக்கியது. எழுத்து மட்டும் அப்படியே கிடக்கிறது. இவற்றைத் தேடி நீக்கும் பொறுப்பை 2021-ல் ஒரு மாநிலச் சட்டம் கவுன்ட்டிகளிடம் ஒப்படைத்தது. சான்டா கிளாரா கவுன்ட்டிக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 லட்சம் பத்திரங்களைக் கணினி மொழி மாதிரி கொண்டு அலசி, சுமார் 7,500 நிபந்தனைகளை அடையாளம் கண்டு 2024-ல் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இன்று வாழும் கவுன்ட்டி அது. தங்கள் வீட்டின் பழைய பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் உரிமையாளர் ரெக்கார்டரிடம் விண்ணப்பம் கொடுத்து நீக்கச் சொல்லலாம். நீக்குவதற்கு முன்பு ஒருமுறை பிள்ளைகளிடம் படித்துக் காட்டுவது நல்லது.

நீங்கள் கேட்ட ஆவணத்துக்குக் கட்டணம் என்று பெரிய தொகையைச் சொல்லி அலுவலகம் மலைக்க வைத்தாலும் பின்வாங்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியின் 6,40,000 மனைகள் அடங்கிய டிஜிட்டல் வரைபடத்தை சியரா கிளப் என்ற சூழல் அமைப்பு கேட்டபோது, உரிமக் கட்டணமாக 3,75,000 டாலர் வரை ஆகும் என்றது கவுன்ட்டி. படமாக வேண்டுமானால் தருகிறோம், கணினியில் அலசக்கூடிய கோப்பாகத் தரமாட்டோம் என்றும் சொன்னது. 2013-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தக் கோப்பு பொது ஆவணமே, நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடு என்று உத்தரவிட்டது. தனி ஆளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டி வராது. நேரில் போய்ப் பார்வையிட கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தில் கட்டணமே கிடையாது. உங்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

எல்லாம் பொது ஆவணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் நம் குடும்பங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் இரண்டு வகை நகல் உண்டு. உரியவரோ பெற்றோரோ உறுதிமொழி கொடுத்து வாங்குவது ஒன்று. யார் கேட்டாலும் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் இது அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது என்று குறுக்கே அச்சடித்திருக்கும். குழந்தைக்கு ஓசிஐ அட்டை வாங்க அதை எடுத்துக்கொண்டு போனால் பயணத் தேதி நெருங்கும் நேரத்தில் திரும்பி வர வேண்டியதாகிவிடும். ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை வேண்டுமென்றால் யார் கையெழுத்திட்ட நகல் என்பதும் முக்கியம்: ரெக்கார்டரோ கவுன்ட்டி கிளார்க்கோ கையெழுத்திட்டது நேராகச் செல்லும், சுகாதார அதிகாரி கையெழுத்திட்டதென்றால் முதலில் கவுன்ட்டி கிளார்க்கிடம் சான்று வாங்க வேண்டும்.

பொது ஆவண மனுவுக்கு மறுப்பு வந்தால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், பத்து வேலை நாளில் பதில் வர வேண்டும். இல்லினாயில் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பொது அணுகல் ஆலோசகரிடம் 60 நாளுக்குள் முறையிடலாம், செலவில்லை. நியூ ஜெர்சியில் அரசு ஆவண மன்றம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், ஆனால் ஜெயித்தால் வக்கீல் செலவைக் கவுன்ட்டி தர வேண்டும். முதல் மறுப்பு பல சமயம் மனு அகலமாக இருந்ததால் வருவது. ஆவணப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, எப்படிக் கேட்டால் தேட வசதி என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பலர் உதவவே செய்கிறார்கள்.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் நடுவே, மார்ச் மாதத்தில், அரசு ஆவணங்களின் வெளிப்படைத்தன்மைக்காக அமெரிக்கா முழுவதும் ஒரு வாரம் கொண்டாடப்படுகிறது. முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மேடிசன் பிறந்த மார்ச் 16-ஐ ஒட்டி வரும் வாரம். அந்த வாரச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் கூடத்தில், பெற்றோர் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மேசை போடுங்கள். ஏற்கெனவே மனு போட்டுப் பழகிய உறுப்பினர் ஒருவரும் ஒரு மடிக்கணினியும் போதும். வருபவர்கள் தங்கள் வீட்டு மனை எண்ணைத் தேடி எடுக்கட்டும், மனைப்பிரிவு வரைபடத்தை இறக்கிப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும், பத்திர எச்சரிக்கைச் சேவையில் பெயரைப் பதியட்டும். உங்கள் கவுன்ட்டியின் கிளார்க்கையோ ரெக்கார்டரையோ அரை மணி நேரம் பேச அழைக்கலாம். பல இடங்களில் அவர்கள் தேர்தலில் நின்று பதவிக்கு வந்தவர்கள். ஒரு முழுச் சமூகம் கூப்பிட்டால் வர முயல்வார்கள். டெக்சாஸ் சங்கங்கள் இதை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவைத்தாலும் சரிதான், மதிப்பீட்டு நோட்டீஸ் கையில் இருக்கும், ஆட்சேபணைக்கு மே 15 வரை நேரம் இருக்கும்.